சிறுத்த அலை, செலவான ஆற்றல்

நடுக்கடலில் ஒரு புயல் இரண்டு மூன்று நாள் ஆட்டம் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறது. காற்று அடங்கிவிட்டது, மேகம் கலைந்துவிட்டது, வானிலை வரைபடத்தைப் பார்த்தால் அப்படி ஒன்று நடந்த சுவடே இல்லை. ஆனால் அந்தப் புயல் கடலுக்குக் கொடுத்த ஆற்றலில் ஒரு பங்கு அங்கே தங்கவில்லை. புயல் அடித்துக்கொண்டிருக்கும்போதே அது கிளம்பிவிட்டது. நீளமான, மழுங்கிய, ஒரே சீரான அலைகளாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்வெல் என்று சொல்வது இதைத்தான். தன்னைப் பிறப்பித்த காற்றை விட்டு விலகி, இனி எந்தக் காற்றின் தயவும் இல்லாமல் ஓடும் அலை.

போகிற வழியில் இது எவ்வளவு ஆற்றலை இழக்கிறது, யாரிடம் இழக்கிறது என்ற கேள்வி என்னை ரொம்ப காலமாகப் பிடித்து வைத்திருக்கிறது. கேட்பதற்குச் சாதாரணக் கேள்வி. கிளம்பும்போது இவ்வளவு, சேரும்போது இவ்வளவு, கழித்தால் விடை வந்துவிடாதா? வராது. அது ஏன் வராது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரையில் பாதி.

முதலில் வேகத்தைப் பார்த்துவிடலாம், அது இல்லாமல் மற்றது எதுவும் புரியாது. ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் அலைவு நேரத்தைப் பொறுத்தது. அதாவது ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு எத்தனை விநாடி என்பதைப் பொறுத்தது. 15 விநாடி அலை என்றால் முகட்டுக்கு முகடு சுமார் 350 மீட்டர். முகடு மணிக்கு 84 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், ஆனால் ஆற்றல் போவது அதில் சரிபாதி வேகத்தில், மணிக்கு 42 கிலோமீட்டர். ஒவ்வொரு முகடும் அலைக்கூட்டத்தின் பின்னால் தோன்றி, கூட்டத்தின் ஊடாக ஓடி, முன்னால் போய் மறைந்துவிடுகிறது. கூட்டம் தன்பாட்டுக்கு நிதானமாக வருகிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 விநாடி அலை என்றால் நாளைக்கு 1,350 கிலோமீட்டர், 12 விநாடி என்றால் 800. ஆகவே ஒரே புயலில் ஒரே நேரத்தில் பிறந்த அலைகள் போகப் போகப் பிரிந்துவிடுகின்றன. நெட்டை அலைகள், அதாவது அலைவு நேரம் கூடியவை, முதலில் வந்து சேரும், குட்டை அலைகள் பிறகு வரும்.

இந்தப் பிரிவை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தபடியே புயல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று சொல்லிவிடலாம். பார்பரும் உர்செலும் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் எடுத்த பதிவுகளை வைத்து அதைத்தான் செய்தார்கள், 1948இல் கட்டுரை வந்தது. கடலடியில் ஓர் அழுத்த மானி, அதிலிருந்து வரும் பதிவை அதிர்வெண் அதிர்வெண்ணாகப் பிரித்துப் பார்த்தால், மணி ஆக ஆக உச்சம் மெல்ல மெல்லக் குறைந்த அலைவு நேரத்துக்கு நகர்வது தெரியும்; எவ்வளவு சீக்கிரம் நகர்கிறதோ அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது புயல். ஒரே ஒரு மானியிலிருந்து இவ்வளவு விஷயம் கறந்தார்களே என்று இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான்.

அப்புறம் வால்டர் மங்க். இரண்டாம் உலகப் போரின்போது படைகளைக் கரையிறக்க அலை நிலவரத்தை முன்கூட்டிச் சொல்லும் முறையை ஸ்வெர்ட்ரப்போடு சேர்ந்து உருவாக்கியவர். 1963இல் அவரும் ஸ்னாட்கிராஸ் முதலிய கூட்டாளிகளும் பசிபிக் பெருங்கடலின் குறுக்கே, நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை, ஒரு பெருவட்டப் பாதையில் (உருண்டைப் பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி) ஆறு இடங்களில் கருவிகளை வைத்தார்கள். நியூசிலாந்தில் கேப் பாலிசர், சமோவாவில் டுடுயிலா தீவு, ஆளில்லாத பால்மைரா பவழத்தீவு, ஹொனலுலு, அதற்கும் வடக்கே தீவு எதுவும் இல்லாததால் ஃபிளிப் என்ற கப்பல் (நீளமான உடலைச் செங்குத்தாக நிமிர்த்தி, அலையில் அசையாமல் நிற்கக்கூடியது), கடைசியில் அலாஸ்காவின் யாகுடாட். தென்கோளக் குளிர்காலப் புயல்கள் கிளப்பும் ஸ்வெல் ஒவ்வொரு நிலையத்தையும் கடந்து போவதைப் பதிவு செய்வது திட்டம். நடுவழியில் வணிகக் காற்று வீசும் பட்டை இருக்கிறது, அங்கே எப்போதும் சிறு அலைகள் கொந்தளித்துக்கொண்டே இருக்கும், அவற்றோடு மோதி ஸ்வெல் சிதறிவிடுமோ என்ற சந்தேகமும் இருந்தது.

1966இல் வந்த விடை என்னவென்றால், புயலின் அருகே குறைவு தெரிகிறது, ஆனால் புயல் வட்டாரத்தைத் தாண்டிய பிறகு நீண்ட அலைகளில் அளந்து சொல்லும்படியான இழப்பு எதுவும் இல்லை. சிதறலும் இல்லை, தேய்மானமும் இல்லை. ஸ்வெல் கிட்டத்தட்ட எதையும் இழக்காமல் ஒரு பெருங்கடலையே கடந்துவிடுகிறது.

இந்த முடிவு அதன் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் நின்றது. தவறான முடிவும் அல்ல. ஆனால் ஆறு நிலையங்கள், ஒரு பருவம், ஒரு பாதை. அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் நீளமான, தாழ்வான அலைகள். எல்லா ஸ்வெல்லும் அப்படித்தான் என்று அவர்களும் சொல்லவில்லை. படித்தவர்கள்தான் அப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

சரி, இப்போது அந்தக் கழித்தல் கணக்குக்கு வருகிறேன். ஒரு சொத்தைப் பத்துப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொருவர் கையிலும் இருப்பது குறைந்துவிடும், ஆனால் சொத்தில் ஒரு காசு கூடச் செலவாகவில்லை. ஸ்வெல்லின் உயரம் குறைவதில் பெரும்பகுதி இந்த வகைதான். புயலிலிருந்து விலக விலக அலை இரண்டு விதமாகப் பங்கு பிரிகிறது. ஒன்று, பக்கவாட்டில் விரிகிறது. இரண்டு, மேலே சொன்னபடி நெட்டை அலை முன்னும் குட்டை அலை பின்னுமாக நீளவாக்கிலும் விரிகிறது. பூமி உருண்டை என்பதால் பக்கவாட்டு விரிவு தூரத்துக்கு நேர்விகிதமாக இராமல், அந்தத் தூரம் பூமியின் மையத்தில் உண்டாக்கும் கோணத்தின் சைனுக்கு ஏற்பப் போகும். நீளவாக்கு விரிவு மட்டும் கோணத்துக்கு நேர்விகிதம். இரண்டையும் பெருக்கினால் வருவதில் ஆற்றல் வகுபடும்.

எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். புயலிலிருந்து 4,000 கிலோமீட்டரில் ஸ்வெல்லின் உயரம் 3 மீட்டர் என்று வையுங்கள். 10,000 கிலோமீட்டரில் எவ்வளவு இருக்கும்? வழியில் ஒரு துளி ஆற்றல் கூடச் செலவாகவில்லை என்றாலும் ஒரு சதுர மீட்டரில் இருக்கும் ஆற்றல் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக வந்துவிடும். உயரத்தின் இருமடிதான் ஆற்றல், ஆகவே உயரம் ஏறக்குறைய பாதியாகி 1.45 மீட்டரில் நிற்கும். அதாவது மூன்று மீட்டர் அலை ஒன்றரை மீட்டராக வந்து சேர்ந்ததைப் பார்த்து "பாதி போய்விட்டது" என்று சொன்னால் அது பொய்க்கணக்கு. எதுவும் போகவில்லை, பரவியிருக்கிறது. அந்த 1.45 மீட்டருக்கும் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதில்தான் நாம் தேடும் இழப்பு ஒளிந்திருக்கிறது.

இதே கணக்கில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. 10,000 கிலோமீட்டர் என்பது பூமியின் கால்வட்டம். அதைத் தாண்டினால் பக்கவாட்டுப் பாதைகள் மறுபடி ஒன்றை ஒன்று நெருங்க ஆரம்பிக்கின்றன, பூமியின் மறுகோடியில் போய்ச் சந்திப்பதற்காக. நீளவாக்கு விரிவு தொடர்கிறது, பக்கவாட்டுச் சுருக்கம் அதை ஈடுகட்டுகிறது. அதனால் 10,000 கிலோமீட்டரிலும் 15,000 கிலோமீட்டரிலும் இருக்கும் ஆற்றலை ஒப்பிட்டால், பரவியதால் வந்த குறைவு ஆறு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அந்தத் தூரத்தில் அதற்கு மேல் எது குறைந்தாலும் அது ஏறக்குறைய முழுவதும் நிஜ இழப்பு. கஷ்டம் என்னவென்றால் தீவோ கரையோ குறுக்கிடாமல் அவ்வளவு நீண்ட கடல்வழி பூமியில் அதிகம் இல்லை, இருக்கும் இடத்தில் கருவிகள் இல்லை.

கருவி இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் இருக்கிறது.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2002 மார்ச்சில் ஏவிய என்விசாட் செயற்கைக்கோளில் ஒரு சிந்தெடிக் அப்பர்ச்சர் ரேடார் (செயற்கைக்கோளின் ஓட்டத்தையே பயன்படுத்தி நுணுக்கமான படம் எடுப்பது) இருந்தது. அதற்கு முன்னால் போன இஆர்எஸ் செயற்கைக்கோள்களிலும் இதே வகை ரேடார் உண்டு. இதன் 'அலை முறை' என்பது, பெருங்கடல் மேல் பறக்கும்போது நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, சுமார் பத்துக்கு ஐந்து கிலோமீட்டர் அளவில் ஒரு சின்னப் படம். இரவு பகல், மேகம் எதுவும் தடை இல்லை. இமேஜெட் என்பார்கள். ஒரு நல்ல இமேஜெட்டைத் திறந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் சாய்வாக ஓடும் கோடுகள் தெரியும், வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி. அது முகடும் அகடும் தெரிகிற புகைப்படம் என்றுதான் முதலில் பார்ப்பவர் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை.

இந்த ரேடாரின் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர் சொச்சம். அதன் கதிரைத் திருப்பி அனுப்புவது ஸ்வெல் அல்ல, கடல்பரப்பில் காற்று எழுப்பும் சில சென்டிமீட்டர் நீளமுள்ள சிற்றலைகள். ஸ்வெல் இந்தச் சிற்றலைகளைச் சாய்க்கிறது, நெருக்குகிறது, விலக்குகிறது. அதனால் பட்டை பட்டையாகத் தெரிகிறது. இது ஒரு பாதி. மறு பாதிதான் எனக்கு அழகாகவும் தொல்லையாகவும் தெரிவது. செயற்கைக்கோள் போகும் திசையில் ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதை இந்த ரேடார் டாப்ளர் விலகலை, அதாவது அசைவால் திரும்பி வரும் கதிரின் அதிர்வெண்ணில் உண்டாகும் மாற்றத்தை, வைத்துத்தான் தீர்மானிக்கிறது. கடல்பரப்பே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால்? அந்த அசைவின் டாப்ளரையும் இருப்பிடம் என்று எடுத்துக்கொண்டு, புள்ளியைத் தவறான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். என்விசாட்டின் உயரத்துக்கும் வேகத்துக்கும் கணக்குப் பார்த்தால், பரப்பு ரேடாரை நோக்கி விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசைந்தால் படத்தில் அது நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் விழும்! 15 விநாடி ஸ்வெல்லில் நீரின் அசைவு விநாடிக்கு நாற்பது சென்டிமீட்டர் வாக்கில்தான் இருக்கும், 350 மீட்டர் அலையில் நாற்பது ஐம்பது மீட்டர் இடமாற்றம். அது அலையைக் குலைக்காமல் புள்ளிகளை ஒரு பக்கம் கூட்டி ஒரு பக்கம் கலைத்து, கோடுகளை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. ஆனால் சிறிய காற்றலைகள் ஆளுக்கொரு திசையில் அசைந்து படத்தைக் கலக்கிவிடுவதால், செயற்கைக்கோள் போகும் திசையில் சுமார் 200 மீட்டருக்குக் குறைவான அலைகள் அப்படியே அழிந்துபோகின்றன.

ஆக, ரேடார் தருவது அலையின் படம் அல்ல, அலையால் குலைந்த ஒரு படம். அதிலிருந்து அலையை மீட்டெடுக்க வேண்டும். அந்தக் குலைவின் முழுக் கணிதத்தை ஹாசல்மன் தம்பதி 1991இல் எழுதினார்கள். இன்னொரு சிக்கல், உறைந்த படத்தில் அலை இந்தப் பக்கம் போகிறதா எதிர்ப்பக்கம் போகிறதா என்று தெரியாது. எங்கெனும், ஜான்சனும் 1995இல் அதற்கு வழி சொன்னார்கள். ஒரே படத்தை எடுக்கும் நேரத்துக்குள்ளேயே சற்று முன்னும் பின்னுமான இரண்டு பார்வைகளைப் பிரித்தெடுத்து, இடையில் கோடுகள் எந்தப் பக்கம் நகர்ந்தன என்று பார்ப்பது. நகர்வு மிகச் சிறியதுதான், ஆனால் திசையைச் சொல்ல அது போதும். காற்று ரொம்ப மந்தமாக இருந்தால் சிற்றலை இருக்காது, படம் இருட்டு. ரொம்பப் பலமாக இருந்தால் கலங்கல். இரண்டுக்கும் நடுவில் அகப்படுவதைத்தான் நம்பலாம்.

இப்படி ஒவ்வொரு இமேஜெட்டிலிருந்தும் மூன்று எண்கள் வருகின்றன. அலைநீளம், திசை, உயரம். அலைநீளம் தெரிந்தால் வேகம் தெரியும், திசை தெரிந்தால் எந்தப் பெருவட்டத்தில் வந்தது என்று தெரியும். அப்புறம் என்ன, பின்னோக்கி ஓட்ட வேண்டியதுதான். பிரான்ஸைச் சேர்ந்த கோலார், ஆர்டுவான், ஷாப்ரோன் மூவரும் 2009இல் இதைத்தான் செய்து காட்டினார்கள். பெருங்கடல் முழுக்க வெவ்வேறு நாளில், வெவ்வேறு சுற்றில் எடுத்த நூற்றுக்கணக்கான அளவீடுகளை அதனதன் வேகத்தில் பின்னால் அனுப்பினால், எல்லாம் ஓர் இடத்தில், ஒரு நேரத்தில் வந்து குவிகின்றன. அங்கேதான் புயல். பிறகு அங்கிருந்து முன்னோக்கி ஓட்டினால் ஸ்வெல் பூமியின் முதுகில் விரிந்து போவது கண்ணெதிரே நடக்கும். 2007 மே மாதம் ரீயூனியன் தீவின் தென்கரையைப் பேரலைகள் தாக்கிச் சேதப்படுத்தியபோது, அவை தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே கிளம்பி ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம் செய்து வந்தவை என்பதை என்விசாட் தரவு காட்டிக்கொடுத்தது. தீவில் அந்த மூன்று நாளும் வானிலையில் எச்சரிக்கும்படி எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. வந்த அலைக்கும் அங்கே அடித்த காற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

இழப்பை அளப்பது இதன் அடுத்த படி. ஒரு புயலை எடுத்துக்கொள்கிறோம். அதிலிருந்து ஒரு குறுகிய திசைக் கூறில், ஒரே அலைவு நேரம், உதாரணமாக 15 விநாடி உள்ள ஸ்வெல்லை மட்டும் பொறுக்குகிறோம். புயலுக்கு மிக அருகில் எடுத்தவற்றை ஒதுக்கிவிடுகிறோம், ஏனென்றால் அங்கே புயல் ஒரு புள்ளி அல்ல, ஆயிரம் கிலோமீட்டர் அகலமான ஒரு கொந்தளிப்பு, மேலே போட்ட விரிவுக் கணக்கு அங்கே செல்லாது. தீவுகளின் நிழலில் விழுந்தவற்றையும் ஒதுக்குகிறோம். பசிபிக்கில் பவழத்தீவுக் கூட்டங்கள் ஸ்வெல்லை வழிமறித்துவிடும், அதை இழப்பு என்று எண்ணிவிடக்கூடாது. மிச்சமிருப்பதைத் தூரத்துக்கு எதிராகப் புள்ளி வைத்து, விரிவால் மட்டும் எப்படிக் குறைய வேண்டுமோ அந்தக் கோட்டையும் பக்கத்தில் வரைந்தால், இரண்டுக்கும் இடையில் உள்ள பிளவுதான் விடை.

விடை ஒரே எண்ணாக வரவில்லை, இதுதான் முக்கியம். அதே 2009இல் ஆர்டுவானும் மற்ற இருவரும் வெளியிட்ட முடிவில், தாழ்வான ஸ்வெல்கள் தங்கள் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக இழக்க (சரியாகச் சொன்னால் e மடங்கு, அதாவது சுமார் 2.7 மடங்கு, குறைய) 20,000 கிலோமீட்டருக்கும் மேல் ஆகிறது. மங்க் சொன்னது சரி. ஆனால் அலையின் செங்குத்து, அதாவது நீளத்துக்கு எவ்வளவு உயரம் என்ற விகிதம், கூடக் கூட அந்தத் தூரம் சுருங்கிக்கொண்டே வந்து, பார்த்தவற்றிலேயே மிகச் செங்குத்தான ஸ்வெல்லுக்கு 2,800 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. 15 விநாடி அலைக்கு அது மூன்று நாளுக்கும் குறைவான பயணம். முன்பு சொன்ன 3 மீட்டர் உதாரணத்துக்குத் திரும்பினால், விரிவு மட்டும் என்றால் 10,000 கிலோமீட்டரில் 1.45 மீட்டர், 20,000 கிலோமீட்டர் அளவிலான இழப்பையும் சேர்த்தால் 1.25; 2,800 கிலோமீட்டர் அளவு வழி முழுக்க நீடித்தால் அரை மீட்டர்.

முதல் இரண்டு எண்களையும் பாருங்கள், 1.45, 1.25. ரேடார் அளக்கும் உயரத்தில் இருபது சதவீதம் பிழை வந்தாலே இந்த வித்தியாசம் மூழ்கிப்போகும். அதனால்தான் தாழ்வான ஸ்வெல் விஷயத்தில் "இவ்வளவு" என்று சொல்ல முடியாமல் "இதைவிடக் குறைவு" என்று மட்டுமே சொல்ல முடிகிறது. இப்படிக் கோடு போட்டால் சில நேரம் அலை வழியில் ஆற்றலைச் சம்பாதித்ததாகக் கூட விடை வரலாம், அது பிழையின் விளையாட்டு. ஒரு புயலை நம்ப முடியாது, நிறையப் புயல்கள் வேண்டும். என்விசாட் 2012 ஏப்ரலில் தொடர்பு அறுந்துபோகும் வரை பத்து வருடத் தரவு தந்தது, அது மொத்தத்தையும் வைத்து ஸ்டோப்பாவும் மற்றவர்களும் 2016இல் மறுபடி இந்தக் கணக்கைப் போட்டார்கள். 2014 முதல் சென்டினல்-1 வரிசை அதே வேலையை இருபதுக்கு இருபது கிலோமீட்டர் படங்களோடு தொடர்கிறது.

சரி, அந்த ஆற்றலை எடுத்துக்கொள்வது யார்? தண்ணீரின் பாகுநிலை, அதாவது தண்ணீர் தனக்குள்ளேயே உராய்வது, என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கணக்குப் பாருங்கள்: 15 விநாடி அலையைத் தண்ணீரின் பாகுநிலை மட்டும் தேய்ப்பதாக இருந்தால் அதே e மடங்கு குறைய 75 லட்சம் கிலோமீட்டர் வேண்டும். நிலவுக்குப் போகும் தூரத்தைப் போல இருபது மடங்கு. தண்ணீர் குற்றவாளி அல்ல, குறைந்தபட்சம் இந்த வழியில் அல்ல.

காற்று. அலை முகட்டில் தண்ணீர் முன்னோக்கிப் போகிறது. அதற்கு மேலே இருக்கும் காற்றோ, அலை தன்னைத் தள்ளிக்கொண்டு வருவதால், முகட்டின் மேல் பின்னோக்கி நழுவுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசை. இந்த முரணை ஓர் ஏட்டுக் கனத்தில் சமாளித்தாக வேண்டும்: காற்று அமைதியாக, வரிச்சீராக ஓடினால் அந்தப் படலத்தின் தடிமன் ஒரு சென்டிமீட்டர் கூட இல்லை. அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் வேகம் தலைகீழாக மாறுகிறது, உராய்வு நடக்கிறது. தண்ணீரைவிட எண்ணூறு மடங்கு இலேசான காற்று, ஆனாலும் தண்ணீர் தனக்குள் தேய்வதைவிட இது நூறு மடங்கு வலுவான தேய்மானம். அதுவும் போதாது, e மடங்கு குறைய இன்னும் 75,000 கிலோமீட்டர் ஆகும்.

அந்தப் படலம் வரிச்சீராக இல்லாமல் சுழற்சி ஓட்டமாக மாறினால்? அங்கேதான் ஆர்டுவான் குழுவினர் கை வைத்தார்கள். அலையின் வீச்சையும் (உயரத்தில் பாதி) நீர் அசைவின் வேகத்தையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, காற்றின் பாகுநிலையால் வகுத்தால் ஒரு ரெனால்ட்ஸ் எண் கிடைக்கும், ஓட்டம் சீராக இருக்குமா குலையுமா என்று சொல்லும் எண். அது ஒரு லட்சத்தை ஒட்டி வரும்போது ஓட்டம் குலைகிறது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லை. 15 விநாடி ஸ்வெல்லுக்கு நான் போட்டுப் பார்த்தேன். வீச்சு 1 மீட்டர் என்றால் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. வீச்சு அரை மீட்டர் என்றால் முப்பதாயிரத்துக்கும் கீழே. உயரமாகக் கிளம்பும் ஸ்வெல் எல்லைக்கு மேலே இருக்கும்போது வேகமாக இழக்கிறது, இழந்து இழந்து, பரவிப் பரவி, எல்லைக்குக் கீழே வந்ததும் காற்று அதை விட்டுவிடுகிறது, பிறகு அது பாட்டுக்கு எவ்வளவு தூரமும் போகலாம். மங்கின் கருவிகளுக்கு வந்து சேர்ந்தது இப்படி விடுபட்ட ஸ்வெல். இரண்டு அளவீடுகளும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

இந்த இழப்பு ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால் வெறும் 0.02 வாட், அதுவும் மிகச் செங்குத்தான வகைக்கு. எந்தக் கருவியை நேரில் கொண்டுபோய் வைத்தாலும் பிடிபடாத அளவு. ஆனால் ஸ்வெல் மூடியிருக்கும் பரப்பு பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் என்றால் மொத்தம் 2,000 கோடி வாட். இவ்வளவு மெல்லிய ஒன்றை, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து, குலைந்த படங்களை வைத்து, நாட்கணக்கில் தூரத்தைச் சேர்த்துக்கொண்டுதான் அளக்க முடிந்திருக்கிறது. தூரமே இங்கே அளவுகோல்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் யங், பாபனின், சீகர் ஆகியோர் 2013இல் வேறு கருவியைக் கொண்டு பார்த்தார்கள். ஆல்டிமீட்டர், அதாவது நேர்கீழாக ரேடார் துடிப்பை அனுப்பி அலை உயரத்தை அளப்பது. தெற்குப் பெருங்கடலிலிருந்து வடக்கே ஆஸ்திரேலியாவை நோக்கி வரும் ஸ்வெல்லில் அவர்களும் தெளிவான இழப்பைக் கண்டார்கள், ஆனால் அதற்குக் காரணம் தண்ணீருக்குள்ளேயே அலை கிளப்பும் சுழற்சி என்ற விளக்கத்தை முன்வைத்தார்கள். ஆல்டிமீட்டருக்கு உயரம் நன்றாகத் தெரியும், திசையும் அலைநீளமும் தெரியாது. என்விசாட்டில் இருந்தது போன்ற, சாய்ந்து பார்க்கும் ரேடாருக்கு நேர்மாறான பலமும் பலவீனமும். இரண்டு முறையிலும் இழப்பு இருக்கிறது என்பது உறுதியாகிறது, யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் வழக்கு.

என் சாய்வு காற்றின் பக்கம். எல்லை ஒன்று இருக்கிறது என்பதும், அதற்குக் கீழே ஸ்வெல் தப்பித்துப் போகிறது என்பதும் அதில் இயல்பாக வருகிறது. ஆனால் இதுவரை உள்ள அளவீடு மட்டும் தீர்ப்புச் சொல்லப் போதாது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நீர் அசைவின் வேகம் கூடினால் காற்றுப் படலமும் குலையும், நீருக்குள் சுழற்சியும் கூடும். செங்குத்து கூடினால் இழப்பு கூடுகிறது என்ற ஒரே உண்மையை இரண்டு விளக்கமும் சொந்தம் கொண்டாடலாம்.

இது வெறும் கோட்பாட்டுச் சண்டை அல்ல. அலை முன்னறிவிப்பு மாதிரிகளில் ஸ்வெல்லின் இழப்பைக் குறைவாக வைத்தால் உலகின் மறுகோடியில் இல்லாத அலையை இருக்கிறது என்று சொல்லும், அதிகமாக வைத்தால் வரப்போகும் அலையைச் சொல்லாமல் விட்டுவிடும். வேவ்வாட்ச் 3 மாதிரியில் 2010 வாக்கில் இந்த அளவீடுகளிலிருந்து எடுத்த இழப்புச் சூத்திரம் சேர்ந்தது, இன்றைக்குப் பல முன்னறிவிப்புகள் அதன் மேல்தான் ஓடுகின்றன. துறைமுகத்தில் கப்பலைக் கட்டுகிறவருக்கும், நங்கூரமிட்டு வேலை செய்கிறவருக்கும் 18 விநாடி ஸ்வெல் அரை மீட்டரா ஒன்றரை மீட்டரா என்பது சின்ன விஷயம் இல்லை.

வழக்கைத் தீர்க்க ஒரு வழி தெரிகிறது. காற்றுதான் காரணம் என்றால், ஸ்வெல்லுக்கு எதிரே காற்று வீசும்போதும் அதே திசையில் வீசும்போதும் இழப்பு வேறுபட வேண்டும். நீருக்குள் நடக்கும் சுழற்சிதான் என்றால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் பெரிதாக மாறக்கூடாது. அதற்கு அலையையும் காற்றையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். 2018 அக்டோபரில் ஏவப்பட்ட சீன-பிரெஞ்சு செயற்கைக்கோள் சிஎஃப்ஓசாட்டில் இரண்டு கருவிகளும் ஒன்றாக இருக்கின்றன: அலையின் திசை நிறமாலையை (எந்தத் திசையில், எந்த நீள அலையில் எவ்வளவு ஆற்றல் என்பதை) தரும் ஸ்விம், காற்றைத் தரும் ஸ்காட். ஸ்விம் சிந்தெடிக் அப்பர்ச்சர் முறையில் வேலை செய்வதில்லை, சுழலும் கதிர்களால் பார்க்கிறது. ஆகவே அசைவால் படம் குலையும் தொல்லையும், 200 மீட்டருக்குக் கீழே அலை அழிந்துபோகும் தொல்லையும் அதற்குக் கிடையாது. ஒரே புயலின் ஒரே அலைவு நேரமுள்ள ஸ்வெல்லை எடுத்து, எதிர்க்காற்றில் போனவை ஒரு பக்கம், உடன்காற்றில் போனவை ஒரு பக்கம் என்று பிரித்து, விரிவைக் கழித்து, இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்க்க வேண்டும். இந்தத் துறையில் அடுத்து எந்தக் கட்டுரை வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான்.